எழுநூறு பெண்களுக்கு ஒரே ஏழை

மணியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்து மூன்று வருஷம் காஞ்சிபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குவதிலேயே போய்விட்டது. இரண்டு மாடி, இருபத்தெட்டு வகுப்பறை, பதினாறு கழிப்பறை. ஒரு வகுப்பின் லட்சணம் டீச்சருக்குத் தெரிகிறதோ இல்லையோ, குப்பைக்கூடைக்குத் தெரியும் என்பாள். பென்சில் சீவல் நிறைய கிடந்தால் படிக்கிற வகுப்பு. சாக்லேட் காகிதம் நிறைய கிடந்தால், படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொள்கிற வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் அந்தக் காகிதம்கூட வெளிநாட்டுக் காகிதமாக இருக்கும். பட்டுக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம்.

ஏழை என்ற சொல் தன்னைக் குறிக்கும் என்று மணியம்மாளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. மாமியார் காலத்தில் அந்தக் குடும்பம் அடுத்தவர் கழனியில் இறங்கிக் கூலி நெல் வாங்கியது உண்மைதான். அது அப்போது. இப்போது கணவன் அப்பாதுரை வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். மூன்று அறை வைத்த சொந்த வீடு. ஒரே மகள் ஏஞ்சல் பி.எட். இரண்டாம் வருஷம், பயிற்சிக்கு இந்தப் பள்ளிக்கூடத்துக்கே வந்திருந்தாள். அம்மா கூட்டி வைத்த வகுப்பில் மகள் சாக்பீஸ் பிடித்துப் பாடம் நடத்தினாள். அதைப் பார்ப்பதற்காகவே மணியம்மாள் ஏழாம் வகுப்பு வராந்தாவை மட்டும் தினம் இரண்டு தரம் கூட்டினாள்.

யாராவது டீச்சர் மீந்துபோன இட்லியை நீட்டினால் வாங்கமாட்டாள். தன் டிபன் டப்பாவைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். கூட்டுவது வேலை, அதற்குச் சம்பளம். மீந்ததை வாங்குவது வேலை இல்லை. அவளுடைய சட்டம் அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஜூனில் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்தார். சிஸ்டர் பிலோமின். நல்ல மனுஷிதான், ஆனால் நல்லது செய்வது நாலு பேருக்குத் தெரியாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று நம்புகிற ரகம். மரம் நட்டால் போட்டோ, மரம் காய்ந்தால் வேறு இடத்தில் மறுபடி நட்டு மறுபடி போட்டோ. டிசம்பர் வந்தது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரத்தைத் திருவருகைக் காலம் என்பார்கள். வாரத்துக்கு ஒன்றாக நாலு மெழுகுவர்த்தி ஏற்றி, மனசைச் சுத்தம் செய்துகொண்டு பாலன் இயேசுவுக்காகக் காத்திருக்க வேண்டிய காலம். அந்தப் பள்ளியில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வகுப்புக்கு ஒரு சின்ன மாட்டுத்தொட்டி, அட்டையில் செய்தது. பெண்கள் யாருக்காவது ஒரு நல்லது செய்தால் ஒரு வைக்கோலை எடுத்து அதில் போடுவார்கள். கடைசியில் எல்லாத் தொட்டி வைக்கோலையும் ஒன்றாகக் கொட்டி, குடிலில் குழந்தை இயேசுவுக்கு மெத்தை போடுவார்கள். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று யாரும் கேட்டதில்லை. சில வருஷம் மெத்தை தடிமனாக இருக்கும், சில வருஷம் குழந்தை தரையில்தான் படுத்திருக்கும். யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

சிஸ்டர் பிலோமினுக்கு இது போதவில்லை. கேட்பார் இல்லாமல் வைக்கோல் போட்டால் பொய் வைக்கோலும் சேருமாம். அதனால் சீட்டு அச்சடித்தார். செய்தவள் பெயர், செய்த நற்செயல், அதற்குக் கீழே 'உதவி பெற்றவர் கையொப்பம்'. கையெழுத்து வாங்கிய சீட்டுக்கு ஒரு வைக்கோல். எந்த வகுப்புத் தொட்டியில் அதிகம் சேர்கிறதோ அந்த வகுப்புப் பெண்கள்தான் இருபத்திரண்டாம் தேதி திருவருகைக் கால நிறைவு விழாவில் குழந்தையைக் குடிலில் வைப்பார்கள். மறைமாவட்டத்திலிருந்து, அதாவது பிஷப் ஆபீஸிலிருந்து, பெரிய ஃபாதர் ஒருவர் வருகிறார். போட்டோவுக்குத் தனி ஆள்.

மைக்கில் இதைக் கேட்ட எழுநூறு பெண்களும் ஒரே சமயத்தில் யோசித்தார்கள். உதவி செய்ய வேண்டும் என்றால் உதவி தேவைப்படுகிற ஆள் ஒன்று வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் அப்படி யார் இருக்கிறார்கள்? எழுநூறு தலையும் மணியம்மாள் பக்கம் திரும்பியது.

முதல் நாளே எட்டாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர் அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பத்தடி கூட்டிவிட்டு, குப்பையை நடுவராந்தாவில் அப்படியே விட்டு, சீட்டை நீட்டினார்கள். பினாயில் வாளியைத் தூக்க வந்த இரண்டு பேர் படியில் கொட்டினார்கள். அதற்கும் சீட்டு. ஒரு நாளைக்கு இருபது தரம் மாடி ஏறுகிறவளை மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஆபரேஷன் முடிந்து வந்தவளை ஏற்றுகிற மாதிரி ஏற்றினார்கள். மதியத்துக்குள் பதினான்கு வாழைப்பழம் சேர்ந்தது. ஒன்பது 'பி'யின் திரிஷா, அப்பாவுக்குப் பெரிய பட்டுக்கடை, தன் பழைய சுடிதார் ஒன்றை மடித்துக் கொண்டுவந்தாள்.

"ஆயம்மா, இது ஒன் டைம்தான் போட்டது. சைன் பண்ணுங்க."

"இத நானா போட்டுக்கினு கூட்டப் போறேன்?"

"யாருக்காவது குடுங்க. சைன் மட்டும் போட்டுடுங்க, பெல் அடிச்சுடும்."

போட்டாள். ஆரம்பத்தில் மறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை, பிள்ளைகள்தானே. மணியம்மாள் கையெழுத்து முழுசாக எழுத்துக் கூட்டி எழுதுவது. ஏஞ்சல் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டோடு உட்கார்ந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கற்றது. ஒரு பெயருக்கு ஏழெட்டு நொடி ஆகும். ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு. கூட்டுகிற நேரமெல்லாம் கையெழுத்தில் போய், கூட்டுகிற வேலை பள்ளி விட்ட பிறகுதான் நடந்தது. அவளுக்கு உதவி செய்து செய்தே அவளை வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாக அனுப்பினார்கள்.

இதற்குள் வைக்கோல் தட்டுப்பாடு வேறு. ஊருக்குள் வைக்கோலுக்கு எங்கே போவது? பிள்ளைகள் மணியம்மாளின் ஈர்க்குத் துடைப்பத்தையே உருவத் தொடங்கினார்கள். ஒரு துடைப்பம் மூன்று நாளில் கைப்பிடி அளவுக்கு இளைத்துவிட்டது. கடைசியில் வாட்ச்மேன் வீரபத்திரன்தான் தன் மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார்.

வீரபத்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்த்தால் பிச்சைக்காரர், தோளில் கிழிந்த காக்கிச் சட்டை, வாரில்லாமல் கயிறு கட்டிய செருப்பு. ஆனால் பிள்ளையார்பாளையத்தில் அவருக்கு இரண்டு மாடி வீடு, மேலே மூன்று குடித்தனம், பின்னால் ஒரு கறவை மாடு. புதுச் சட்டை வாங்க மனசு வராது. மருமகள் கிருஷ்ணவேணியோடு ஒத்துப்போகாததால் பகல் முழுக்க வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பள்ளிக்கூட கேட்டில் வந்து உட்கார்ந்தார். இது டீச்சர்மாருக்குத் தெரியும், பெண்களுக்குத் தெரியும், வாசலில் இலந்தவடை விற்கிறவளுக்குத் தெரியும். ஆறு மாதமாக அவர் திறந்துவிட்ட கேட்டில் தினமும் நுழைந்த சிஸ்டர் பிலோமினுக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை.

அரையாண்டுப் பரீட்சை ஆரம்பித்ததும் கூத்து இன்னும் முற்றியது. பத்தாம் வகுப்புப் பிரிவுகளைக் கலந்து உட்காரவைத்ததில், ஒரு சீட்டில் 'பக்கத்துப் பிரிவுப் பெண்ணுக்கு ஏழாம் கேள்விக்குப் பதில் சொன்னேன்' என்று எழுதி, அந்தப் பெண்ணும் நாணயமாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்கும் ஒரு வைக்கோல் விழுந்தது.

இரண்டாம் வாரம் சிஸ்டர் மணியம்மாளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இருபத்து மூன்று வருஷத்தில் அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. அப்போதே மணியம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிஸ்டர் மெல்லிய குரலில் சொன்னார். சீட்டுகளை எண்ணிப் பார்த்ததில் பாதிக்கு மேல் மணியம்மாள் பெயர்தானாம். பிள்ளைகளுக்கு அவள் மேல் அவ்வளவு இரக்கமாம். ஆகவே நிறைவு விழாவில் 'நம் பள்ளியின் ஏழையிலும் ஏழையான சகோதரி' என்று அவளை மேடைக்கு அழைத்து, எல்லாப் பெண்களும் கொண்டுவரும் ஒரு பிடி அரிசியையும், போர்வையையும், புடவையையும் பெரிய ஃபாதர் கையால் கொடுக்கப் போகிறார்கள்.

மணியம்மாள் வேண்டாம் என்றாள். தனக்கு வீட்டில் அரிசி இருக்கிறது என்றாள். சிஸ்டர் அதைத் தாழ்ச்சி, அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உருகினார்.

"இன்னொரு விஷயம். ஏஞ்சல்தான் அன்னைக்கு மைக்ல தொகுத்து வழங்கப் போறா. அம்மாவை மகளே மேடைக்குக் கூப்பிட்டா எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்க. எல்லார் கண்ணும் கலங்கிடும்."

"கலங்கி, சிஸ்டர்?"

சிஸ்டருக்குக் கேள்வி புரியவில்லை. சிரித்து வைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், ஏஞ்சல் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சிஸ்டர் கைப்பட எழுதிக் கொடுத்தது. மணியம்மாள் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'வியர்வையும் கண்ணீருமே உடைமையாகக் கொண்ட' என்று இருந்தது. அவளுடைய உடைமையில் பீரோ, ஃபிரிட்ஜ், தையல் மிஷின் எல்லாம் உண்டு. கண்ணீர் இல்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ இத படிக்கப் போறியா?"

"ஒரு நிமிஷம்தானே மா."

"நா உன்ன இன்னா கேட்டேன்?"

ஏஞ்சல் தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். பயிற்சி இந்த மாதத்தோடு முடிகிறதாம். நடத்தைச் சான்றிதழில் சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அது இல்லாவிட்டால் பதினாறு வாரமும் வீணாம். அடுத்த ஜூனில் ஒரு இடம் காலியாகிறதாம், சிஸ்டர் மனசு வைத்தால் அங்கேயே வேலை கிடைக்குமாம்.

"மேடைல ஏறி எறங்கிடு மா. யாரும் ரெண்டு நாளைக்கு மேல ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க."

"உன் கிளாஸ்ல முப்பது பொண்ணுங்க கீது. அதுங்க வெச்சுக்கும். நாளைக்கி நீ டீச்சரா வந்து நின்னா, அரிசி வாங்குனவ பொண்ணு வருதுன்னுதான் எழுந்து நிக்கும்."

ஏஞ்சல் காகிதத்தை மடித்தாள், கிழிக்கவில்லை. மணியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டாள். அப்பாதுரை கையில் ஒட்டிய பெயின்ட்டை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டே, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன வருஷம் தான்தான் சுண்ணாம்பு அடித்ததாகவும், மேடைக்குப் பின்சுவரில் ஓதம் ஏறுவதாகவும், அதைப் பார்க்காமல் ஏழையைத் தேடுகிறார்கள் என்றும் சொன்னான். அவன் எப்போதும் இப்படித்தான், சுவரைத் தாண்டி யோசிக்கமாட்டான்.

மணியம்மாள் ராத்திரி தூங்காமல் யோசித்தாள் என்றெல்லாம் இல்லை. நன்றாகத் தூங்கினாள். காலையில் பல் தேய்க்கும்போதே என்ன செய்வது என்று தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் முதல் சீட்டை நீட்டினது திரிஷாதான்.

"போட மாட்டேன்," என்றாள் மணியம்மாள்.

"ஏன் ஆயம்மா? பழம் குடுத்தேனே."

"நா கேட்டனா?"

"கேக்கலைன்னாலும் ஹெல்ப்தானே."

"கேட்டவங்களுக்கு செஞ்சாதான் உதவி. கேக்காதவ தலைல கட்னா அது தொல்ல. சீட்ல தொல்லைன்னு எழுதிக் கொண்டா, போட்டுத் தரேன்."

செய்தி பத்து நிமிஷத்தில் இருபத்தெட்டு வகுப்புக்கும் போனது. வேறு ஆள் பிடிக்கப் பார்த்தார்கள். சத்துணவுக் கூடத்தில் இருந்தவள் கரண்டியோடு துரத்தினாள். ஒருத்திக்கு ஒருத்தி உதவி செய்து மாற்றிக் கையெழுத்துப் போடலாம் என்றால், போட்டி வகுப்புக்காரி போடுவாளா? சொந்த வகுப்புக்குள் போட்ட சீட்டு செல்லாது என்று சிஸ்டரே சட்டம் வைத்திருந்தார். டீச்சர்களும் சாட்சி போடக் கூடாது, அது பட்சபாதம். அவ்வளவு கெட்டியாகச் சட்டம் போட்டதில் வந்த வினை, பள்ளிக்கூடம் முழுவதற்கும் புண்ணியம் சேர்கிற ஒரே வாசல் மணியம்மாளின் பேனாவாக ஆகிவிட்டது. பேனா மூடிக்கொண்டதும் தொட்டிகள் அப்படியே நின்றன. பெண்களுக்குக் கையெழுத்து இல்லாமல் நல்லது செய்யலாம் என்பது மறந்தே போயிருந்தது. வராந்தாவில் ஒருத்தி தடுக்கி விழுந்தபோது பின்னால் வந்த ஐந்து பேர் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் அதே வகுப்புக்காரி, சீட்டு செல்லாது.

மூன்றாம் நாள் ஒன்பது 'பி'யின் வகுப்பு டீச்சர் ஜெயப்ரியா, ரப்பர் போட்ட ஒரு கட்டுச் சீட்டோடு வந்தாள். நற்செயல் எழுத வேண்டிய இடம் காலி. பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறதால் நேரமில்லை, பிறகு எழுதிக்கொள்வார்கள், கையெழுத்தை மட்டும் முன்கூட்டியே போட்டுவிட்டால் நல்லது என்றாள்.

"செய்யாத உதவிக்கா மிஸ்?"

"செய்வாங்க மணியம்மா. லீவுக்கு அப்புறம் செய்வாங்க."

"அப்ப வைக்கோலும் லீவுக்கு அப்புறம் போட்டுக்கட்டும்."

"ரொம்பப் பேசாதீங்க. உங்க பொண்ணு இங்கதான் டிரெய்னிங்ல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

மணியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் தட்டினாள். தூசி டீச்சர் புடவையில் படிந்தது. வேண்டுமென்றே செய்தாள் என்று சொல்ல முடியாத அளவுக்குத்தான் தட்டினாள். "ஞாபகம் இருக்குது மிஸ்," என்றாள்.

பதினெட்டாம் தேதி சிஸ்டர் பிலோமின் தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். இருபத்தெட்டும் சேர்ந்தால்கூட குழந்தையின் தலைக்குத்தான் வரும், காலுக்கு வராது. கையெழுத்தில்லாத சீட்டுகள் தொள்ளாயிரத்துக்கு மேல் மேசையில் குவிந்திருந்தன. விழாவுக்கு நாலே நாள். மணியம்மாளுக்கு ஆள் போனது. இந்த முறை அவள் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன் மணியம்மா இப்படிப் பண்றீங்க? பிள்ளைங்க மனசு கஷ்டப்படுது."

"இந்த சீட்டு மொத்தத்துக்கும் போடறேன் சிஸ்டர். இன்னிக்கே உக்காந்து போடறேன். ரெண்டு விஷயம் கீது. மேடைல எம் பேரு வரக் கூடாது. எம் பொண்ணு சர்ட்டிபிகேட்ல நீங்க முதல்ல கையெழுத்து போடணும்."

"இது பேரம் பேசற மாதிரி இருக்கே."

"ஆமா சிஸ்டர்."

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். சான்றிதழ் அலமாரியில்தான் இருந்தது. எல்லாம் எழுதி, கையெழுத்து மட்டும் பாக்கி. விழா முடியட்டும் என்று வைத்திருந்ததை அவர் சொல்லவில்லை, மணியம்மாளும் கேட்கவில்லை. எடுத்தார், போட்டார். மணியம்மாள் மை காய்கிற வரைக்கும் ஊதினாள். மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்தாள்.

"அப்ப அரிசி யாருக்குக் கொடுக்கிறது?" என்று சிஸ்டர் கவலைப்பட்டார். "ஃபாதர்கிட்ட ஒரு ஏழைக்குன்னு சொல்லியாச்சு. நீங்களே ஒரு பேர் சொல்லுங்க. நம்ம பள்ளியில ரொம்பக் கஷ்டப்படறவங்க யாரு?"

மணியம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கேட்டருகே வீரபத்திரன் கிழிந்த சட்டையோடு, கயிறு கட்டிய செருப்போடு, வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவர பாருங்க சிஸ்டர்," என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிஸ்டர் பார்த்தார். கண்ணில் நீர் கட்டியது. இத்தனை நாளாகத் தன் கண்ணில் படவில்லையே என்றார். மேடையில் ஆச்சரியமாக இருக்கட்டும், அதுவரை டீச்சர்களிடம்கூடப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார்.

மணியம்மாள் அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து தொள்ளாயிரத்துச் சொச்சம் கையெழுத்துப் போட்டாள். செய்தது, செய்யாதது, கெடுத்தது எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து. முடித்துவிட்டுக் கேட்டுக்குப் போய் வீரபத்திரனிடம் விஷயத்தைச் சொன்னாள். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடும்படி கேட்டாள். தனக்குப் பிடிக்காததை இன்னொருவர் தலையில் கேட்காமல் கட்ட அவள் சிஸ்டர் இல்லை.

வீரபத்திரன் நிதானமாக விசாரித்தார். "ஏழையிலும் ஏழைன்னா சொல்லுவாங்க?"

"அப்படித்தான் எழுதிக்கீது ணா."

"மைக்லயா?"

"மைக்லதான்."

"என் மருமவ வருவா. பேத்தி ஆறாங்கிளாஸ்ல டான்ஸ் ஆடுதில்ல." அவர் முகம் மலர்ந்தது. "மாமனாருக்கு சோறு போடாம பள்ளிக்கூடத்துல அரிசி வாங்க வுட்டுட்டான்னு ஊரு பேசும் இல்ல? பேசட்டும். நா வரேன் மா. சட்டைய மாத்த மாட்டேன்."

இருபத்திரண்டாம் தேதி மைதானத்தில் பந்தல். பெற்றோர் கூட்டம், முன்வரிசையில் பட்டுக்கடைக்காரர்கள். ஒன்பது 'பி'தான் ஜெயித்தது. திரிஷாவும் இன்னும் மூன்று பேரும் வெள்ளை கவுனில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தடித்த மெத்தையில் வைத்தார்கள். போட்டோகாரர் நாலு பக்கமும் சுற்றி எடுத்தார். எடுத்து முடிந்ததும் ஒரு சிஸ்டர் குழந்தையைத் திரும்ப எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். பிறப்பு இருபத்து நாலாம் தேதி நள்ளிரவில்தானே, அதுவரை பீரோவில் இருக்க வேண்டும். மூன்று வார வைக்கோலில் குழந்தை படுத்தது மூன்று நிமிஷம்.

பிறகு ஏஞ்சல் மைக்கைப் பிடித்தாள். கையில் அதே காகிதம், பெயரை மட்டும் அடித்து மாற்றியிருந்தார்கள். குரல் நடுங்காமல் படித்தாள். "வியர்வையும் கண்ணீருமே உடைமையாகக் கொண்ட, நம் பள்ளியின் ஏழையிலும் ஏழை, திரு. வீரபத்திரன் அவர்கள்."

முதலில் நடுவரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிற குடும்பம். அங்கிருந்து சிரிப்பு பரவியது. பெண்கள் துப்பட்டாவில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மேடையில் சிஸ்டர் பிலோமின் அவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்து, பெரிய ஃபாதரிடம் ஏதோ சொல்லித் தானும் கைக்குட்டையை எடுத்தார். வீரபத்திரன் முக்கி முனகிப் படியேறி, இல்லாத கூனைப் போட்டுக்கொண்டு, அரிசி மூட்டையையும் போர்வையையும் வாங்கினார். புடவை இருந்த இடத்தில் வேட்டி வந்திருந்தது. போட்டோவுக்கு நின்றார். இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கேட்டு நின்றார்.

அப்போதுதான் கிருஷ்ணவேணி எழுந்தாள். கழுத்தில் நாலு வடம், கையில் மகளின் சலங்கை. கத்தவில்லை. நேராக மேடைக்குப் போய், மாமனார் தோளிலிருந்து மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள். மைக் பக்கத்தில் இருந்ததால் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"காலைல ஏழு இட்லி துன்னுட்டுதான வந்த மாமா. மாடி வூட்டுக்காரங்க உன்னத் தேடிக்கினு கீறாங்க. மோட்டார் ஓடலயாம். வா."

இதற்கு மேல் சிரிப்பை யாரும் பொத்தவில்லை. பெரிய ஃபாதர் மாடியா என்று சிஸ்டரைக் கேட்டார். யாரோ புத்திசாலித்தனமாக டான்ஸ் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு மணியம்மாள் குடிலுக்கு முன்னால் கூட்டிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அவருக்கு வீடு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா மணியம்மா?"

"தெரியும் சிஸ்டர்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. என் வூட்ல இன்னா கீதுன்னும் நீங்க கேக்கல சிஸ்டர்."

சிஸ்டர் வைக்கோலில் ஒரு கைப்பிடி மட்டும் இருபத்து நாலாம் தேதிக்கு வைத்துவிட்டு மீதியை எடுத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். அரிசி மூட்டையை என்ன செய்வது என்று சொல்லவில்லை. அது மேடையிலேயே கிடந்தது. எழுநூறு வீட்டு அரிசி, புழுங்கல், பச்சரிசி, ரேஷன், பாஸ்மதி எல்லாம் கலந்து, எந்தப் பானையிலும் வேகாத அரிசி. ஏழைக்குத்தானே என்று அள்ளிப் போட்டது.

வைக்கோலை அடைக்க ஏஞ்சல் வந்து சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். சாக்கு வீரபத்திரன் மாட்டுக்கு. அங்கிருந்து வந்தது, அங்கேயே போகிறது. இரண்டாயிரத்துக்கு மேல் நற்செயல், மாடு இரண்டு வேளையில் முடித்துவிடும் என்று மணியம்மாள் கணக்குப் போட்டாள். சாணியாவது மார்கழிக் கோலத்துக்கு ஆகும்.

பாதி அடைத்தபோது நிமிர்ந்தாள்.

"ஏன்டி, எம் பேரே இருந்திருந்தா படிச்சிருப்பியா?"

ஏஞ்சல் சாக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படிச்சிருப்பேன் மா," என்றாள்.

மணியம்மாள் ஒன்றும் திட்டவில்லை. சாக்குக்குள் கையை விட்டு ஒரே ஒரு வைக்கோலை உருவி, மகள் கையில் வைத்தாள்.

"பொய் சொல்லாம சொன்ன பாரு, அதுக்கு. சீட்டெல்லாம் கெடையாது. சாக்க நல்லா புடி."